அவசரப்பட்டு இறக்கிய நட்சத்திரம்

மூன்று வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் முடிந்து புது வருடம் பிறக்கக் காத்திருந்த நேரத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் நடந்தது இது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஏ.சி. மெக்கானிக். கொஞ்ச காலம் கல்ஃபில் இருந்துவிட்டு, போதும் என்று ஊரோடு வந்தவன். வேலையில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் வெப்ராளம் பிடித்த ஆள். மனசு கிடந்து அடித்துக்கொள்வதற்கு எங்கள் ஊரில் வெப்ராளம் என்று பெயர். “நாளைக்கு வரப்போற வயித்துவலிக்கு இன்னைக்கே கெடந்து உருளுத மனுசன்” என்று என் மனைவி என்னைச் சொல்வாள். அவள் சொல்வதில் பொய்யில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லை. இரண்டு தடவை தங்கிக் கலைந்தது. மூன்றாவது தடவை ஏழு மாதம் தாண்டியபோது நான் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தேன். அதற்குள் அவளுக்கு பிரஷர் கூடிவிட்டது. இனியும் வைத்திருந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லி, டிசம்பர் நடுவில் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு தேங்காய் அளவுக்குக்கூட இல்லை என்று எனக்குப் பட்டது. மூக்கில் குழாய், காலில் வயர், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தொடக்கூடப் பயமாக இருந்தது. “ஒவ்வொரு நாளா பாப்போம்” என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்ததால், வீட்டை அடுத்த வீட்டு அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். அவர் தேங்காய் வியாபாரி. எங்கள் பக்கத்தில் பிறந்த அய்யாவழி மார்க்கத்தைச் சேர்ந்தவர். காலையில் நெற்றியில் நாமம் இடாமல் வெளியே இறங்க மாட்டார். எதற்கெடுத்தாலும் “அய்யா உண்டு” என்பார். நல்லது நடந்தாலும் அதுதான், டயர் பஞ்சரானாலும் அதுதான். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்களுக்குப் பிள்ளையில்லாத அத்தனை வருடமும் அது பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஒரே பெண் எங்கள் தெருவில் அந்த அக்காதான். அதற்காகவே எனக்கு அவர்மீது தனிப் பிரியம்.

எங்கள் பக்கம் டிசம்பர் பிறந்தால் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். உள்ளே ஒரு பல்பு. புது வருடம் கழிந்து ஒரு வாரமாவது அது எரியும். அந்த வருடம் எனக்கு அதைக் கட்ட நேரமும் இல்லை, மனசும் இல்லை. பிள்ளை பிறந்த சேதி தெரிந்ததும் அண்ணனே திங்கள்சந்தைக்குப் போய் பெரிய சிவப்பு நட்சத்திரமாக வாங்கி, மூங்கில் கழியில் கட்டி எங்கள் வாசலில் தூக்கிவிட்டார். “பெம்பிள்ள பொறந்த வீடு, இருட்டிக் கெடக்கப்படாது மக்கா” என்று போனில் சொன்னார். என்னிடம் அவர் அனுமதி கேட்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். வீட்டில் இழவு விழுந்தால் மட்டும் அந்த வருடம் நட்சத்திரம் கிடையாது. கட்டியிருந்தாலும் இறக்கிவிடுவார்கள். நட்சத்திரம் திடீரென்று இறங்கிய வீட்டைப் பார்த்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். எங்கள் தெருவில் இது எல்லா வீட்டாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் நன்றாகத் தெரியும்.

டிசம்பர் முப்பதாம் தேதி மாலை. அன்று டாக்டர், பிள்ளைக்குக் கிருமித் தொற்று மாதிரித் தெரிகிறது, மருந்து மாற்றியிருக்கிறோம், பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் மருந்து என் காதில் ஏறவில்லை, கிருமி மட்டும் ஏறியது. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். எங்கள் சபைக் கோயில் ஒலிபெருக்கியில் புது வருட ஆராதனைக்குப் பாடல் பழகிக்கொண்டிருந்தார்கள். போனைத் திறந்தால் வாழ்த்துகள். இனிய புத்தாண்டு, ஆசீர்வாதமான புத்தாண்டு, எல்லாம் பூவும் மெழுகுவர்த்தியுமாக. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. எந்த வருடம்? யாருக்கு ஆசீர்வாதம்? ஜனவரி மாதத்தில் நான் எதைச் சுமந்துகொண்டு எங்கே போகப்போகிறேனோ?

வாசலில் அந்த நட்சத்திரம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. யாரை ஏமாற்ற இந்த வெளிச்சம் என்று தோன்றியது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கயிற்றை அறுத்தேன். வயரோடு பிடுங்கி, கட்டிலுக்கடியில் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் ஒரு முனை கிழிந்தது. கிழியட்டும் என்றுவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு பைக்கில் ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணன் திரும்பத் திரும்ப போன் செய்தார். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார், நான் என்ன சொல்ல? எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை நர்ஸம்மா, பிள்ளையைச் சுற்ற மெத்தென்ற பழைய பருத்தித் துணி கொண்டுவரச் சொன்னார்கள். கடைத் துணி உறுத்துமாம். என் பழைய வேட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுக்க மறுபடியும் பைக்கை எடுத்தேன்.

தெருமுனை திரும்பியதும் பார்க்கிறேன், எங்கள் வீட்டு முற்றத்தில் நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். வாடகை நாற்காலி வண்டி வாசலில் நிற்கிறது. தெரு ஆண்கள் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சபை மூப்பர் ஒருவர் பைபிளோடு நிற்கிறார். என்னைக் கண்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் பைக்கை நிறுத்தவில்லை, அது தானே விழுந்தது. அந்த நிமிடத்தில் என் புத்தியில் ஓடியது ஒன்றுதான். நான் வழியில் வந்துகொண்டிருந்தபோது பிள்ளை போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து இவர்களுக்குச் சேதி சொல்லிவிட்டார்கள். பெற்ற தகப்பன் எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. ஆண்டவரே, அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லையே என்று அலறினேன். பயந்து பயந்து ஒரு தடவைகூட அவளைத் தொடாமல் விட்டேனே என்று நெஞ்சு வெடித்தது. அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணீர் என் கழுத்தில் வடிந்தது.

“போச்சே மக்கா... நம்ம பிள்ள போச்சே...”

“எப்பண்ணே? எப்ப போன்ல விளிச்சாங்க?”

“ஆரு?”

“ஆஸ்பத்திரில இருந்துதான்!”

“எங்களுக்கு ஆரும் விளிக்கல்லியே.”

நான் அவரைத் தள்ளி நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். “பின்ன ஆரு சொன்னா?”

“நீதானல சொன்ன!” என்றார் அண்ணன். “நேத்து அந்திக்கு நட்சத்திரத்த எறக்கிப் போட்டுட்டு ஒரு வார்த்த பேசாமப் போனியே. போன் போட்டா எடுக்கல்ல. நாங்க வேற என்னத்த நெனைக்க?”

நீல நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தேன். “அண்ணே, பிள்ள உயிரோட இருக்காண்ணே. வேட்டி எடுக்க வந்தேன். நர்ஸ் பழைய வேட்டி கேட்டாவ” என்று சொல்லிக்கொண்டே சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அடித்தது அது ஒன்றுதான்.

“எலே, உயிரோட இருக்க பிள்ளைக்கு எவனாவது நட்சத்திரத்த எறக்குவானா? அறிவு இருக்கால உனக்கு?”

நாற்காலி கொண்டுவந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அப்ப நாற்காலிய திரும்ப ஏத்தட்டா, இல்ல கெடக்கட்டா?” என்று கேட்டார். மூப்பர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “ஏத்தும்வே, சட்டுனு ஏத்தும்” என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எங்கள் பிள்ளைக்காக இத்தனை பேர் விடிந்ததிலிருந்து சாப்பிடாமல் நின்றிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிரிப்பு அடங்கும் முன்பே அண்ணன் முகம் மாறியது. “அய்யோ, உங்க அக்கா!” என்றார்.

“அக்காவுக்கு என்ன?”

“அவா காலத்தே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளே! பெத்தவா கெடந்து அழுவா, நான் போய் மடியில போட்டுக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனா.”

எனக்கு மறுபடியும் உயிர் போயிற்று. என் மனைவிக்கு பிரஷர் இன்னும் இறங்கியிருக்கவில்லை. எந்த அதிர்ச்சியும் தரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிள்ளை இருப்பது ஒரு மாடி, இவள் இருப்பது வேறு மாடி. அக்கா போய்க் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தால், நான் ஏமாந்த மாதிரி அவளும் நம்பிவிடுவாள். அவளுக்குச் சொல்லலாம் என்றால் அவள் போன் என் சட்டைப்பையில் இருக்கிறது. நலம் விசாரித்து யாரும் அவளை அழவைக்கக் கூடாது என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். கூட இருந்த என் மாமியார் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. ஆஸ்பத்திரி நம்பரோ எங்கேஜ்டாகவே இருந்தது. அக்காவுக்கு அடித்தோம். அண்ணன் வீட்டு அடுக்களையில் மணி அடித்தது. போனை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு அக்கா போயிருக்கிறார்.

“எடுல வண்டிய!” என்று அண்ணன் பின்னால் ஏறிக்கொண்டார்.

அம்மாண்டிவிளை தாண்டுகிறவரை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் ஒரு கையால் தன் இடுப்பு வேட்டியையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் “அய்யா உண்டு, அய்யா உண்டு” என்றார். வடசேரி பக்கம் வந்தால் வண்டி நகரவில்லை. புது வருடச் சந்தை. காய்கறி லாரி, கேக் பெட்டியோடு ஆட்கள், வாழைக்குலை, பூ, ஊதல் விற்கிறவர்கள். ஒருவன் என் முகத்துக்கு நேராக ஊதலை ஊதி “ஹாப்பி நியூ இயர் அண்ணே” என்றான். அவனை நான் முறைத்ததில் அடுத்த ஊதல் பாதியில் நின்றுவிட்டது.

பல நாளாக நான் ஜெபம் செய்யவில்லை. கடவுளோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கொடுத்தீரே, எதற்குக் கொடுத்தீர், திரும்பப் பிடுங்கவா என்று ஒரே கேள்வி. அந்தச் சந்தை நெரிசலில், கிளட்சைப் பிடித்தபடி, என் வாயிலிருந்து தானாக ஒரு ஜெபம் வந்தது. “ஆண்டவரே, எப்படியாவது எங்க அக்கா வாயக் கட்டும்.” இவ்வளவுதான். ஆராதனையில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஜெபம் இல்லை. ஆனால் அதைவிட உண்மையாக நான் எதையும் கேட்டதில்லை.

படியேறி ஓடினோம். அறைக் கதவைத் தள்ளியபோது நான் எதிர்பார்த்த அழுகைச் சத்தம் இல்லை. மாமியார் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். என் மனைவி கட்டிலில் சாய்ந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பால் பிழிந்துகொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொதிநீரில் கழுவிய சின்னப் பாட்டிலை அக்கா பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. எங்களைக் கண்டதும் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அதற்கு அர்த்தம். கூச்சத்தில் அண்ணன் வந்த வேகத்தில் வெளியே திரும்பிவிட்டார்.

“என்ன இது, ரெண்டு பேரும் ஓட்டப்பந்தயம் ஓடியா வாறிய?” என்று என் மனைவி கேட்டாள். “அக்காவப் பாருங்க, பல்லுவலியில துடிக்காவ. மாத்திர வாங்கிக் குடுங்க முதல்ல.”

“ஆமா, கடவாப்பல்லு” என்றார் அக்கா. தாடையையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

நடந்ததை வராந்தாவில் வைத்து அக்கா எங்களிடம் சொன்னார். பஸ்ஸில் வரும்போதே முந்தானை நனைய அழுதிருக்கிறார். அறை வாசலில் வந்து, “என் மக்கா” என்று குரலெடுக்கப் போன நேரத்தில் என் மனைவி பால் பிழிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். “அவா அந்தப் பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, எவ்வளவு ஆச்சுன்னு பாத்துச் சிரிக்கா. போன பிள்ளைக்கு ஆரும் அப்படிப் பாப்பாளா? அந்தால எனக்கு வெளங்கிட்டு. வந்த அழுகைய அப்படியே முழுங்கினேன், நெஞ்சு அடச்சுப் போச்சு. என்னக்கா அழுதியன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? பல்லுவலின்னேன்.” சொல்லிவிட்டு அக்கா தன் கணவரைப் பார்த்து, “பிள்ள இருக்கா, கேட்டியளா, இருக்கா” என்றார். அண்ணன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர்கள் இரண்டு பேரையும் அந்த இடத்திலேயே காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. வலியில்லாத பல்லுக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அக்கா அதை என் மனைவி முன்னாலேயே விழுங்கினார்.

அன்று சாயங்காலம் நானும் மனைவியும் தனியாக இருந்தோம். மறுபடி பால் பிழிகிற நேரம். தையல் வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக்குக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கிறார்கள். கிருமி என்று சொன்ன பிறகு அதையும் ஒருநாள் நிறுத்தியிருந்தார்கள். பிழிந்ததில் பாதிக்குமேல் கொட்டத்தான் வேண்டியிருந்தது. “எதுக்கு இப்படி வருத்திக்கிடுத? அவதான் குடிக்கல்லியே. ரெண்டு நாள் விட்டா என்ன?” என்று கேட்டேன்.

அவள் நிறுத்தாமலே சொன்னாள். “இப்ப விட்டா வத்திப் போவும்லா? அவா குடிக்கப்போற அன்னைக்கு எங்கிட்ட பால் வேண்டாமா?”

ஒரு விஷயத்தை இத்தனை சாதாரணமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. பிள்ளை பிழைப்பாள் என்று அவளுக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை. டாக்டர் சொன்னது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் தெரியும். பயமும் இருந்தது, தூக்கத்தில் அவள் அழுவதை நான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்கார்ந்து, குடிக்க முடியாத பிள்ளைக்காகப் பால் பிழிந்தாள். நான் வீட்டுக்குப் போய் நட்சத்திரத்தை இறக்கினேன். ஒரே செய்தியைக் கேட்ட இரண்டு பேர் செய்தது இது. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாட்டிலை வாங்கி, வெதுவெதுப்போடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளை இருந்த மாடிக்கு ஏறினேன். நர்ஸம்மாவிடம் கேட்டு, கையைக் கழுவிக்கொண்டு, முதல்முறையாக என் மகளைத் தொட்டேன். என் விரல் நுனியை அவள் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.

புது வருடம் பிறந்த காலையில் எங்கள் கோயில் ஆராதனைக்குப் போனேன். வழியில் எங்கள் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த முனையில் அண்ணன் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். ஆராதனை முடிந்த பிறகு, கிறிஸ்துமஸ் குடிலாக வாலிபர்கள் கட்டியிருந்த புல்கூட்டின் முன் நின்றேன். வைக்கோலில் களிமண் குழந்தை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ புல்கூடு நானும் கட்டியிருக்கிறேன். ஆடு எங்கே நிற்க வேண்டும், ஒட்டகம் எங்கே நிற்க வேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் குழந்தைக்கும் பசித்திருக்கும், பாலுக்கு அழுதிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்று தோன்றியது. கடவுளே ஒரு தாயின் மடியை நம்பி இந்த உலகத்துக்குள் வந்தார் என்றால், அவரை நம்பி நான் ஒரு வருடத்துக்குள் போகக் கூடாதா? பிள்ளையைக் காப்பாற்றித் தருகிறேன் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேரண்டி கேட்கவில்லை. கூட வருவீர்தானே என்று மட்டும் கேட்டேன். வாசலில் கை குலுக்கியவர்களிடம் முதல்முறையாக வாய் திறந்து, “பிள்ளைக்காக ஜெபிச்சுக்கிடுங்க” என்று சொல்ல முடிந்தது.

கிருமி அடங்க அந்த வாரம் முழுக்க ஆயிற்று. பிறகு பால் சொட்டுகள் கூடின. பிறகு ஒருநாள் நர்ஸம்மா, “இனி நேரடியாகக் கொடுத்துப் பார்க்கலாம்” என்று பிள்ளையை என் மனைவியின் நெஞ்சோடு சேர்த்து வைத்தார்கள். பால் இருந்தது. பிள்ளை குடித்தாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் எதற்கு என்று கேட்காமல் என்னைக் கட்டிப்பிடித்தார்.

பிப்ரவரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்போது ஊரில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் இறங்கியிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அண்ணன் இறக்க விடவில்லை. நோன்பிருக்கும் தவக்காலமே வரப்போகிறது, சபையில் கேலி செய்வார்கள் என்று நான் சொன்னதற்கு, “பிள்ள வந்து பாக்காம எறக்குனா கையை முறிப்பேன்” என்றுவிட்டார். பிள்ளையைப் பார்க்கத் தெருவே கூடியிருந்த நேரத்தில், சந்தோஷத்தில் அக்கா வாய் தவறிப் பல்லுவலிக் கதையைச் சொல்லிவிட்டார். நாற்காலி வந்த கதையும் கூடவே வெளிவந்தது. என் மனைவி தையல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்களா எறக்குனிய?”

நான் தலையை ஆட்டினேன். அவள் திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அதில் எதையும் செய்யவில்லை. பிள்ளையை என் கையில் வைத்தாள்.

“பிடிங்க. இனி விட்டுராதிய” என்றாள்.

பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. அண்ணன் வீட்டுத் தேங்காய்க் குவியலில் ஏறி இறங்குவதுதான் முழுநேர வேலை. பால் டம்ளரைக் கண்டால் ஓடி ஒளிந்துவிடுகிறாள் என்பது தனிக் கதை. நானும் ஒரேயடியாக மாறிவிட்டேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். இப்போதும் டிசம்பர் கடைசி வந்தால் வெப்ராளம் வரத்தான் செய்கிறது. அடுத்த வருடம் எதைக் கொண்டுவரும் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் வராத சாவுக்கு முந்திக்கொண்டு நாற்காலி போடுவதை விட்டுவிட்டேன். வரப்போகிற நல்லது வந்து நிற்கிற அன்றைக்கு அதை வாங்கிக்கொள்ள என் நெஞ்சில் ஈரம் வற்றாமல் இருக்க வேண்டும் என்பதுதான், ஒவ்வொரு புது வருடத்தின் வாசலிலும் என் ஆண்டவரிடம் நான் கேட்கிற ஒரே வரம்.